விவா எப்படி நடக்குதுன்னு பாக்க நெதர்லாந்து, ஸ்வீடன் போகணும்: காசு யாரு தருவா?

வெட்டாத்தங்கரை
எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் கல்வியியல்ல பிஎச்டி, ரெண்டாவது வருஷம். ஜேஆர்எப்னு ஆராய்ச்சி உதவித்தொகை மாசம் 37,000 வருது, அதுல ஒரு பங்கு வீட்டுக்குப் போயிடும், அப்பாவுக்கு குத்தகை வெள்ளாமைதான், குறுவை நெல்லு கொள்முதல் நிலையத்து வாசல்ல ஈரப்பதம் ஜாஸ்தின்னு காஞ்சுகிட்டு கிடக்கு.

என் டாபிக்கைக் கேட்டா சிரிப்பீங்க, சிரிச்சுட்டு பதில் சொல்லுங்க. பிஎச்டி விவா, அதாவது தீசிஸ் குடுத்தப்புறம் நடக்கற வாய்மொழித் தேர்வு, எப்படி நடக்குதுங்கறதுதான் டாபிக். நம்ம பக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். வாசல்ல பிளெக்ஸ், எக்ஸாமினருக்கு பொன்னாடை, மதியம் எல்லாருக்கும் சாப்பாடு, செலவு பூரா ஸ்காலர் தலைல. ஹால்ல கூட்டம் இருக்கும், ஆனா கேள்வி கேக்குறது யாரு? ஸ்காலரே முந்தின நாள் சின்னச் சின்ன சீட்டுல கேள்வியை எழுதி ஜூனியர் பசங்ககிட்ட குடுத்து வச்சிருப்பாங்க, "ஆடியன்ஸ் கொஸ்டின்ஸ்"னு அறிவிச்சதும் ஒரு பையன் எந்திரிச்சு சீட்டைப் பாக்காத மாதிரி பாத்துப் படிப்பான். அந்தச் சீட்டுலேருந்துதான் என் ஆராய்ச்சியே ஆரம்பிச்சுது.

நெதர்லாந்துல இதே பொது விவாதான். ஆனா முக்கால் மணி நேரம் ஆனதும் பெடல்னு ஒருத்தர் கோலோட உள்ள வந்து லத்தீன்ல "ஹோரா எஸ்ட்"னு, அதாவது நேரம் ஆச்சுன்னு சொல்லுவாரு, அத்தோட சரி, பதில் பாதில இருந்தாலும் நிறுத்திடணும். பக்கத்துல மாப்பிள்ளைத் தோழன் கணக்கா ரெண்டு பேரு நிப்பாங்க, பாரானிம்புன்னு பேரு. ஸ்வீடன்ல விவாவுக்கு மூணு வாரம் முன்னாடியே தீசிஸை ஆணி அடிச்சு மாட்டி ஊருக்குக் காட்டிடணும். இங்கிலாந்துல கதவைச் சாத்திக்கிட்டு உள்ள ரெண்டு எக்ஸாமினர், வெளில ஒரு ஈ காக்கா கிடையாது.

இதை நேர்ல உக்காந்து பாக்கணும், எக்ஸாமினருங்களைப் பேட்டி எடுக்கணும். எங்க மேடம்கிட்ட சொன்னேன், "யூட்யூப்ல நிறைய இருக்கேம்மா"ன்னாங்க. நல்ல மேடம்தான், திட்டலை, ஆனா காசுக்கு வழி அவங்களுக்கும் தெரியலை. இந்த மாதிரி டாபிக்குக்கு யாரு குடுப்பாங்க?

கொள்ளிடம் சார்
வாழ்த்துகள் அம்மா. சிரிக்கலை. நான் கைடா, எக்ஸாமினரா ரெண்டு பக்கமும் உக்காந்தவன், அந்தச் சீட்டுங்க எனக்குத் தெரியாம இல்ல.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கோங்க. வெளிநாடு போய் டிகிரி வாங்க குடுக்குற காசு வேற, இங்க பதிவு பண்ணிட்டு கள ஆய்வுக்கு மட்டும் போய்ட்டு வர்றதுக்குக் குடுக்குற காசு வேற. நம்ம பசங்க ரெண்டையும் குழப்பிக்கிட்டு முதல் வகைக்கே ஆயிரம் பாரம் நிரப்புறாங்க. உங்களுக்கு வேணுங்கறது ரெண்டாவது.

அதுல ஃபுல்பிரைட்-நேரு டாக்டோரல் ரிசர்ச் இருக்கு. இந்தியப் பல்கலைல பிஎச்டி பதிவு பண்ணி குறைஞ்சது ஒரு வருஷம் ஆயிருக்கணும், ஆறுலேருந்து ஒன்பது மாசம், மாசாந்திர உதவித்தொகை, போக வர டிக்கெட், மருத்துவக் காப்பீடு. விண்ணப்பம் வழக்கமா ஜூலை மாசத்துல மூடுவாங்க. ஆனா அது அமெரிக்காவுக்கு மட்டும். காமன்வெல்த் ஸ்ப்ளிட்-சைட் பிரிட்டனுக்கு, பன்னெண்டு மாசம் வரைக்கும், டிகிரி நம்ம ஊருதுதான், ஆனா அவங்களோட வளர்ச்சிக் கருப்பொருள் ஏதாவது ஒண்ணுல டாபிக்கைப் பொருத்திக் காட்டணும். டிஏஏடின்னு ஜெர்மன் உதவித்தொகை அமைப்பு, அதுல ரெண்டு நாட்டு கைடு சேர்ந்து பாக்குற மாதிரி ஒரு வகை உண்டு, ஜெர்மனில விட்டு விட்டு ரெண்டு வருஷம் வரைக்கும் இருக்கலாம், பட்டம் இங்க. பிஎச்டி ஆரம்பிச்சு மூணு வருஷத்துக்கு மேல ஆயிருக்கக் கூடாதுன்னு பாப்பாங்க, அதனால அதைத் தள்ளிப்போடாதீங்க.

இப்ப நெதர்லாந்து, ஸ்வீடன்னு நீங்க கேட்டதுக்கு இது எதுவுமே நேரா பொருந்தலை பாத்தீங்களா? அதான் சிக்கல். காசு குடுக்குறவன் தன் நாட்டுக்கு வரச் சொல்றான். நாலு நாட்டை ஒப்பிட்டுப் பாக்க யாரும் சுலபமா குடுக்கறதில்ல.

மேட்டூர் தண்ணி
தங்கச்சி தப்பா எடுத்துக்காதீங்க. இங்க கெஸ்ட் லெக்சரருங்களுக்கு சம்பளம் ஒழுங்கா வரலை, ஸ்காலருக்கு ஆராய்ச்சிச் செலவுக்குத் தர்ற கன்டின்ஜென்சி பில் மாசக்கணக்கா தூங்குது, இதுல வெள்ளைக்காரன் கோலெடுத்துட்டு உள்ள வர்றதைப் பாக்க லட்சக்கணக்குல செலவா? பேராசிரியருங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி யாருக்கு என்ன லாபம். கடைமடைக்குத் தண்ணி ஏன் வரலைன்னு பண்ணுங்க, நாலு பேருக்கு உதவும்.

ஹாலேவில் ஒரு மாயவரத்தான்
மேட்டூர் அண்ணே, கடைமடைக்குத் தண்ணி ஏன் வரலைன்னு ஏகப்பட்ட தீசிஸ் வந்திருக்கு, அதெல்லாம் எந்த விவாவுல எந்தச் சீட்டுக் கேள்வியோட பாஸ் ஆச்சுன்னு யாராவது பாக்கணும்ல? அதத்தான் இந்தப் பொண்ணு பாக்குது.

நான் ஜெர்மனில இருக்கேன், ஹாலே. இந்த ஊர்ல ஃபிராங்கே அறக்கட்டளைல நம்ம தரங்கம்பாடி காகிதமெல்லாம் கட்டுக் கட்டா இருக்கு, 1706ல சீகன்பால்குங்கற மிஷனரி தரங்கம்பாடில வந்து இறங்கினதுலேருந்து அங்கேருந்து அனுப்பின கடிதம், அறிக்கை, ஓலைச்சுவடி. வெளிநாட்டு ஆளு நம்ம ஊரு படிப்பு எப்படி நடக்குது, திண்ணைல வாத்தியார் எப்படி சொல்லிக் குடுக்கறாருன்னு உக்காந்து பாத்து எழுதி அனுப்புனது அப்பவே நடந்துருக்கு, அதுக்குப் பின்னால டென்மார்க் ராஜா காசு இருந்துச்சு. முன்னூறு வருஷமா அவன் வந்து நம்மளைப் பாக்க காசு இருக்கு. நாம போய் அவன் எப்படிப் படிக்கறான்னு பாக்க காசு கேட்டா மட்டும் "இதெல்லாம் எதுக்கு"ன்னு நம்ம ஆளே கேக்கறான்.

சரி விஷயத்துக்கு வர்றேன். வெட்டாத்தங்கரை, வென்னர்-கிரென் அறக்கட்டளைன்னு நியூயார்க்ல ஒண்ணு இருக்கு, மானுடவியலுக்கு. அவங்க டிசர்டேஷன் ஃபீல்டுவொர்க் கிராண்ட் எந்த நாட்டுக்காரங்களும் போடலாம், எந்த நாட்டுப் பல்கலைல பதிவு பண்ணிருந்தாலும் சரி, களமும் எங்க வேணா இருக்கலாம். 25,000 டாலர் வரைக்கும். மே 1, நவம்பர் 1, வருஷத்துக்கு ரெண்டு கடைசி தேதி. உங்க துறை கல்வியியலா இருந்தாலும் பரவாயில்ல, ஆனா எழுத்து மானுடவியல் வாதத்தோட பேசணும். சடங்கு, சாட்சி, அதிகாரம்னு அந்தப் பக்கமா எழுதுங்க, "உயர்கல்வித் தர மேம்பாடு"ன்னு எழுதுனீங்கன்னா முதல் பக்கத்துலயே போச்சு.

மன்னை ராஜி
ஒரு சந்தேகம். ஒப்பிட்டுப் பாக்கறதுன்னா ஏற்கனவே யாராவது பண்ணிருப்பாங்கள்ல? புதுசா என்ன இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?

கொள்ளிடம் சார்
பண்ணிருக்காங்க. யோஹான் கால்டுங்னு நார்வேக்கார சமூகவியலாளர் 1981ல ஒரு கட்டுரை எழுதினாரு, ஆங்கிலேய, ஜெர்மானிய, பிரெஞ்சு, ஜப்பானிய பாணின்னு நாலு அறிவுப் பாணிய பிரிச்சு. கொஞ்சம் விளையாட்டுத்தனமா இருக்கும், ஆனா இன்னைக்கும் எல்லாரும் அதைத் தொட்டுட்டுத்தான் போறாங்க. அப்புறம் ஷாரன் ட்ராவீக், இயற்பியல்காரங்களையே ஒரு இனக்குழுவைப் பாக்கற மாதிரி பாத்தவங்க, அமெரிக்காவுல ஸ்லாக் ஆய்வுக்கூடம், ஜப்பான்ல சுகுபால இருக்கற கேஇகே ரெண்டுலயும் இருந்து பாத்து 1988ல புத்தகம் போட்டாங்க. மெஷினை யாரு கட்டுறா, யாரு பேரு முன்னால வருது, சீனியர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு ரெண்டு ஊருக்கும் எவ்வளவு வித்தியாசம்னு காட்டினாங்க. அவங்களை எடுத்துக்காட்டா வைங்க, உங்க முறைக்கு அது முன்னோடி.

ஆனா கால்டுங் லிஸ்ட்ல நம்ம ஊரு எங்க வருதுன்னு பாருங்க. அந்த நாலு பாணில நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இல்ல. புதுசா என்னன்னு கேட்டா அங்கேருந்து ஆரம்பிங்க.

நாகை காத்து
எல்லாரும் அமெரிக்கா ஜெர்மனின்னு பேசறீங்க, நம்ம அரசாங்கத்தோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பை யாரும் சொல்லலை. நான் அதுக்காக அலைஞ்சவன், சொல்றேன்.

வருஷத்துக்கு 125 இடம். எஸ்சி, சீர்மரபினர் நாடோடி சமூகம், அப்புறம் நிலமில்லாத விவசாயக் கூலி குடும்பம், பாரம்பரிய கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு. வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குள்ள, வயசு 35க்குள்ள. நிலமில்லாத கூலின்னு தனியா சொல்லி எடுக்கற ஸ்காலர்ஷிப் வேற எதுவும் எனக்குத் தெரியாது, எங்க அம்மா நடவு ஆளு, படிச்சதும் இது நமக்குன்னே எழுதினதுன்னு தோணுச்சு. கூலி, கைவினை ரெண்டுக்கும் சேத்து ஒதுக்கறது 4 இடந்தான், இந்தியா முழுக்க. தஞ்சாவூர் ஜில்லாவுல ஒரு தெருவுக்கே பத்தாது.

அதுவும் 2022ல வந்த விதிமுறைல ஒரு வரி சேர்த்தாங்க. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவை வச்சு சமூக ஆய்வு, இந்த டாபிக்குக்கெல்லாம் கிடையாதுன்னு. இந்தியாவைப் பத்தி படிக்க வெளிநாடு எதுக்குங்கறது அவங்க கேள்வி. எங்க தெருவுல கூலி எப்படி நிர்ணயிக்கறாங்கங்கறது என் டாபிக், அத்தோட கதை முடிஞ்சுது. ஒப்பீட்டு ஆய்வுன்னா ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க. இங்க உள்ள கால் இருந்தா அங்க உள்ள காலுக்குக் காசு இல்ல. அதுவும் அது முழு டிகிரிக்குத்தான், கள ஆய்வுக்கு இல்ல, ஆகவே வெட்டாத்தங்கரைக்கு ரெண்டு விதத்துலயும் உதவாது. யாராவது போடணும்னா தெரிஞ்சுகிட்டு போடுங்கன்னு சொல்றேன்.

இ-சேவைல வருமானச் சான்று வாங்கறதுல ஆரம்பிச்சு சாதிச் சான்று, பேரு எழுத்து எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கோங்க. பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா பின்னாடி, இதுக்கே ஒரு அஃபிடவிட், நோட்டரின்னு போயிடும்.

மேட்டூர் தண்ணி
நாகை தம்பி, அந்த வரி எனக்குத் தெரியாது. இது அநியாயம்தான். கூலிக்காரன் பிள்ளை வெளிநாடு போகலாம், ஆனா கூலியைப் பத்திப் படிக்கக் கூடாதா.

கும்மோணம் கோடிக்கரை
காசு குடுத்து அனுப்பறதுங்கறப்ப எங்க ஊரு ஆளை விட்டுட்டு பேசறீங்களே! 1914ல ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனப்ப சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு குடுத்துச்சு, ரெண்டு வருஷத்துக்கு, அதுல 50 பவுண்டு வீட்டுக்குன்னு ஒதுக்கி வச்சாங்க. டிரினிட்டி காலேஜ் தனியா 60 குடுத்துச்சு. அதுக்கு முன்னாடி 1904ல கும்பகோணம் அரசுக் கல்லூரில சேர்ந்து ஸ்காலர்ஷிப் வாங்குனவரு, ஆங்கிலக் கட்டுரைத் தாள்ல ஃபெயில் ஆகி அதை இழந்தாரு. இங்க ஆங்கிலம் எழுதத் தெரியணும்னு கேட்டாங்க, அங்க போனா கணிதப் பேராசிரியர் ஹார்டி நிரூபணம் எங்கன்னு கேட்டாரு. இதுவும் கல்விப் பண்பாடு எல்லை தாண்டின கதைதானே, ஒரே ஆளு மேல.

மன்னை ராஜி
கும்மோணத்துக்காரங்ககிட்ட எதைக் கேட்டாலும் ராமானுஜன், இல்லன்னா டிகிரி காபி. ஆனா அந்த 50 பவுண்டு விஷயம் நல்ல விஷயம். நம்ம பிள்ளைங்க ஃபெல்லோஷிப்ல வீட்டுக்குப் பிரிச்சு அனுப்பறது இன்னைக்கு நேத்து வந்ததில்ல போலிருக்கு.

வெட்டாத்தங்கரை
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நாகை அண்ணே, அந்த விதியை நான் படிச்சதே இல்ல.

மேட்டூர் அண்ணன் கேட்டதுக்கு பதில் சொல்லணும்னு நெனச்சேன். விவாவுல யாரும் ஃபெயில் ஆறதில்ல, இங்கயும் இல்ல, நெதர்லாந்துலயும் அநேகமா இல்ல, அங்க கமிட்டி முன்னாடியே தீசிஸைப் படிச்சு சரின்னு சொன்னாத்தான் மேடை ஏறவே முடியும். அப்ப சந்தேகம் எங்க நடக்குது? எந்த அறைல, யாரோட ஃபைல்ல, யாருக்கும் யாருக்கும் நடுவுல போன்ல? நம்ம ஊர்ல கதவு திறந்திருக்கு ஆனா யாரும் கேக்கறதில்ல, இங்கிலாந்துல கதவு மூடியிருக்கு ஆனா ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் வறுத்தெடுக்கறாங்க. ஸ்வீடன்ல ஆப்போனென்ட்னு வெளில இருந்து வர்ற ஒரே ஆளு எல்லார் முன்னாடியும் தீசிஸை எடுத்துப் பேசி கேள்வி கேக்கணும், மார்க் போடுறது வேற கமிட்டி. எல்லாமே ஒரே பட்டந்தான், ஒரே மூணு எழுத்துதான். ஒரு அறிவை எல்லார் முன்னாடியும் வச்சு சந்தேகப்படறதுக்கு ஒரு சமூகம் என்ன ஏற்பாடு பண்ணிருக்குன்னு பாக்கறதுதான் என் ஆசை.

இதை ப்ரபோசல்ல எப்படி எழுதறது, இதுக்கு எங்க மேடம் எப்படி சம்மதிப்பாங்க, அது தெரியலை.

கொள்ளிடம் சார்
இப்ப எழுதினீங்களே, இதையே எழுதுங்க. முதல் போஸ்ட்ல கோலு, ஆணின்னு வேடிக்கை சொன்னீங்க, இதுலதான் கேள்வி வந்துருக்கு. கமிட்டில உக்கார்றவங்க எப்படி முடிவெடுக்கறாங்கன்னே ஆராய்ச்சி இருக்கு, மிஷெல் லமோன்னு ஒரு சமூகவியலாளர் அமெரிக்காவுல நிதி ஒதுக்கற குழுக்களைப் பேட்டி எடுத்து, கூட உக்காந்தும் பாத்து 2009ல புத்தகம் போட்டாங்க. வரலாற்றுக்காரங்க எது நல்ல ஆய்வுன்னு ஓரளவு ஒத்துப்போறாங்க, தத்துவக்காரங்க மத்தவங்களுக்கு எங்களை மதிப்பிடத் தெரியாதுங்கறாங்க, ஒவ்வொரு துறைக்கும் "நல்லது"ன்னா வேற வேற. நீங்க போடுற விண்ணப்பத்தைப் படிக்கப் போறதும் இப்படிக் கலவையான குழுதான். உங்க துறைக்காரன் மட்டும் புரிஞ்சுக்கற மாதிரி எழுதினா பக்கத்துல இருக்கறவன் தூக்கிப் போட்டுடுவான்.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் கவனிக்கறதில்ல. யூஜிசி 2022 விதிப்படி தீசிஸை குறைஞ்சது ரெண்டு வெளி எக்ஸாமினர் பாக்கணும், முடிஞ்சா அதுல ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து. அந்த வெளிநாட்டு ரிப்போர்ட்ல உள்ள கேள்வியை விவாவுல எல்லார் முன்னாடியும் படிச்சு பதில் சொல்ல வைக்கறோம். மலேசியாவுல ஒருத்தர், இலங்கைல ஒருத்தர் எழுதுற ரிப்போர்ட்டும் நம்ம ஆளு எழுதுறதும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துருக்கீங்களா? ஒண்ணு நாலு பக்கம் அத்தியாயம் அத்தியாயமா கேக்கும், இன்னொண்ணு "பரிந்துரைக்கிறேன்"னு ஒரு பத்தில முடியும். எதிர்மாறாவும் வரும், வெளிநாட்டுக்காரர் ஒரு பத்தி, நம்ம ஊருக்காரர் பிச்சு எடுத்துருப்பாரு. எல்லை தாண்டின கல்விப் பண்பாடு உங்க பல்கலைக்கழக அலமாரிலயே இருக்கு. பட்டம் வாங்குனவங்க சம்மதத்தோட, பேரை எடுத்துட்டு, கொஞ்சம் ரிப்போர்ட்டு வாங்கிப் படிச்சு முதல் அத்தியாயம் பண்ணுங்க. பஸ் டிக்கெட் காசுதான் செலவு. அது கைல இருந்தா எந்த ஃபண்டருக்கும் "இந்தப் பொண்ணு ஏற்கனவே வேலையை ஆரம்பிச்சிருச்சு"ன்னு தெரியும்.

ஹாலேவில் ஒரு மாயவரத்தான்
சார் சொன்னது சூப்பர் ஐடியா. நான் இந்தப் பக்கத்து நடைமுறை சொல்றேன்.

ஒரு நாட்டைக் குறைங்க. ஸ்வீடன், நெதர்லாந்து ரெண்டுல ஒண்ணு போதும். ஷெங்கன்னு ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசிட் விசால 180 நாளைக்குள்ள 90 நாள்தான் இருக்கலாம், அதுக்கு மேலன்னா ஆராய்ச்சியாளர் அனுமதி, அதுக்கு அங்க ஒரு பல்கலைக்கழகம் உங்களோட ஹோஸ்டிங் ஒப்பந்தம் போடணும். முதல் தடவை 90 நாளுக்குள்ள முடிக்கற மாதிரி போடுங்க, பொது விவாங்கறதால உள்ள போய் உக்கார யாரும் தடுக்க மாட்டாங்க, தேதி எல்லாம் பல்கலைக்கழக வெப்சைட்லயே போட்டிருப்பாங்க.

உக்காந்து பாக்கறது வேற, பேட்டி வேற. ஐரோப்பாவுல ஆளைப் பேட்டி எடுத்து ரெக்கார்டு பண்ணா ஜிடிபிஆர்னு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்து நிக்கும், 2018லேருந்து. எழுத்துல சம்மதம், ஆடியோ எங்க வைக்கறீங்க, எப்ப அழிப்பீங்க, எல்லாம் கேப்பாங்க. நம்ம பல்கலைகள்ல சமூக அறிவியலுக்கு எத்திக்ஸ் கமிட்டி பல இடத்துல பேருக்குத்தான் இருக்கும், இருந்தா கூட்டம் எப்பன்னு இப்பவே கேளுங்க. அந்த ஒரு லெட்டர் இல்லாம விண்ணப்பம் நொண்டும்.

இன்னொண்ணு, நெதர்லாந்துல பிஎச்டி பண்றவன் பெரும்பாலும் ஸ்டூடன்ட் இல்ல, ஊழியன். சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் உண்டு. அதனால "நானும் உங்கள மாதிரி ஸ்காலர்"னு நீங்க போய் நின்னா அவனுக்குப் புரியாது. ஃபெல்லோஷிப் மூணு மாசம் நின்னு போகும், கைடு வீட்டு விசேஷத்துக்கு வேலை செய்யணும்னு சொன்னா அவன் கண்ணு விரியும். அந்த ஆச்சரியத்தையும் நோட்டுல எழுதுங்க, அவன் நம்மளைப் பாத்து என்ன கேக்கறாங்கறதும் டேட்டாதான்.

மேட்டூர் தண்ணி
கைடு வீட்டு விசேஷமா! எழுதிட்டாரு மாயவரத்தாரு, இனி இந்த இழை தாங்காது.

நாகை காத்து
எழுதட்டும்ணே. ஒரு கல்லூரில என் ஃப்ரெண்டு சாமியானா கட்டினதுலேருந்து பந்தி பரிமாறுனது வரைக்கும் பண்ணான், மறுநாள் சாப்டர் திருத்திக் குடுத்தாங்க. அக்கா, இதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்க.

மன்னை ராஜி
பணம் முன்னாடியே வருமா, செலவு பண்ணிட்டு பில்லு குடுக்கணுமா? அதைச் சொல்லுங்க முதல்ல. நான் ஒரு மாநாட்டுக்கு டிராவல் கிராண்ட் கிடைச்சும் போகலை, டிக்கெட் போட்டுட்டு வந்து வாங்கிக்கோன்னாங்க, வீட்டுல இருந்த செயின் ஏற்கனவே அடகுல.

ஹாலேவில் ஒரு மாயவரத்தான்
அக்கா கேட்டதுதான் முக்கியமான கேள்வி. ஃபுல்பிரைட் மாதிரி பெரிய திட்டங்கள்ல டிக்கெட் அவங்களே பாத்துக்குவாங்க, கைல இருந்து போட வேண்டியது கம்மி. சின்ன டிராவல் கிராண்ட்தான் பெரும்பாலும் பில்லு கேக்கும். விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே மெயில் போட்டுக் கேளுங்க, கேக்கறதுல வெக்கமே வேண்டாம், இங்க எல்லாரும் கேக்கறாங்க.

ஃபுல்பிரைட்னா ஜே-1 விசா, முடிச்சதும் ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கணுங்கற விதி பொருந்தும், அதையும் யோசிச்சுக்கோங்க. 2025 ஜூன்ல அந்த ஃபுல்பிரைட் போர்டு ஆளுங்களே அரசாங்கம் தேர்வுல தலையிடுதுன்னு சொல்லி ராஜினாமா பண்ணாங்க, அதனால அதையே நம்பி ஒரு வருஷத்தை விட்டுடாதீங்க.

கொள்ளிடம் சார்
ஜேஆர்எப் வாங்கிட்டு இருக்கீங்க, ஒரே நேரத்துல வேற இடத்துல உதவித்தொகை வாங்கக் கூடாதுன்னு நிபந்தனை உண்டு. கள ஆய்வுச் செலவுன்னு வர்ற கிராண்ட், மாச உதவித்தொகைன்னு வர்றது, ரெண்டும் வேற. பல்கலைக்கழக ஆபீஸ்ல எழுத்துல கேட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. வாய்ல "பண்ணிக்கலாம்மா"ன்னு சொல்ற செக்‌ஷன் ஆபீசர் அடுத்த வருஷம் வேற சீட்ல இருப்பாரு.

வெட்டாத்தங்கரை
சரி, முடிவு பண்ணிட்டேன். ஸ்வீடனை எடுத்துட்டேன். நெதர்லாந்து மட்டும், 90 நாளுக்குள்ள. முதல்ல இங்க உள்ள எக்ஸாமினர் ரிப்போர்ட்டு, மேடம்கிட்ட இன்னைக்கு சொன்னேன், யூட்யூப் பேச்சு எடுக்கலை, "யாரோட ரிப்போர்ட்டு எடுக்கப் போற"ன்னு மட்டும் கேட்டாங்க, கொஞ்சம் பயந்த மாதிரி இருந்துச்சு! எத்திக்ஸ் கமிட்டிக்கு மனு எழுதிட்டு இருக்கேன். நவம்பர் 1க்கு வென்னர்-கிரென் போடலாம்னு இருக்கேன், மாயவரம் அண்ணே ட்ராஃப்ட் பாப்பீங்களா?

ஹாலேவில் ஒரு மாயவரத்தான்
அனுப்பும்மா. பட்ஜெட் ஷீட்டையும் சேத்து அனுப்பு. டிக்கெட், தங்கற செலவு, பேட்டியைத் தட்டச்சு பண்ற கூலி, டச்சு பேசற உதவியாளர் சம்பளம் எல்லாம் தனித்தனி வரியா போடு, "இதர செலவு"ன்னு மொத்தமா போடாத. தங்கற இடத்துக்கு ஊர்ல நெனைக்கற மாதிரி கம்மியா போட்டுடாத, லைடன்ல, ஆம்ஸ்டர்டாம்ல ரூம் கிடைக்கறது குதிரைக் கொம்பு.

நாகை காத்து
அக்கா, சீட்டுக் கேள்வி எழுதற பசங்க பேட்டிக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க. நாகப்பட்டினத்துலேருந்து நாலு பேரு கூட்டிட்டு வர்றேன், பேரு போடாம இருந்தா எல்லாத்தையும் சொல்லுவாங்க.